மாடிப் பெட்டியில் போன புளியோதரை

ஜெர்மனியில் படிக்கும் நம் ஊர் மாணவர்கள் வார இறுதியில் எங்கே போவது என்பதைக் கோட்டைகளோ நதிகளோ முடிவு செய்வதில்லை. பயணச்சீட்டுதான் முடிவு செய்கிறது. 2023 மே மாதம் 49 யூரோ விலையில் அறிமுகமாகி, 2025 ஜனவரியில் 58 யூரோவாகவும் 2026 ஜனவரியில் 63 யூரோவாகவும் உயர்ந்த ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ கையில் இருந்தால், நாட்டின் எந்த மூலையிலும் நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், வட்டார ரயில் என எதில் வேண்டுமானாலும் மாதம் முழுவதும் ஏறி இறங்கலாம். எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு அதில் அறுபது சதவீதம்தான் விலை. அதையும் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்து முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். வேகமாக ஓடும் ஐசிஇ, ஐசி ரயில்களில் மட்டும் இது செல்லாது. ஆகவே பணம் ஏற்கெனவே போய்விட்டது என்ற நினைப்போடும், நின்று நின்றுதான் போக வேண்டும் என்ற நிபந்தனையோடும் எங்கள் ஊர்சுற்றல் தொடங்குகிறது. சனி, ஞாயிறுகளில் அறையில் படுத்துக் கிடப்பவன் ஓய்வெடுப்பவனாகத் தெரிவதில்லை. கொடுத்த காசை வீணடிப்பவனாகத்தான் தெரிகிறான்.

இந்தக் கொள்கையை வகுத்தவன் எங்கள் குழுவில் ‘அட்டவணை’ என்று அழைக்கப்படும் சேலத்து நண்பன். கொலோன் நகரில் நாங்கள் ஐந்து பேர் ஒரே மாணவர் விடுதியில் இருக்கிறோம். ஒவ்வொரு பயணத்துக்கும் அவன் கணினியில் ஒரு விரிதாள் தயாரிப்பான். புறப்படும் நேரம், மாறவேண்டிய நடைமேடை, பார்க்கவேண்டிய இடம், கழிப்பறைக்கு ஒதுக்கிய ஒரு யூரோ என எல்லாம் அதில் இருக்கும். கடைசி நிரலின் தலைப்பு ‘லாபம்’. அதே தூரத்துக்குத் தனிச்சீட்டு எடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதை யூரோவிலும் ரூபாயிலும் அங்கே எழுதுவான். தூரம் கூடக் கூட லாபமும் கூடும் என்பதால், அவன் வகுக்கும் திட்டங்களில் ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம் வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டும், ஊரில் நிற்கும் நேரம் தேய்ந்துகொண்டும் போயின. அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய பான் நகரத்தையும், அங்கே பீத்தோவன் பிறந்த வீட்டையும் நாங்கள் இன்றுவரை பார்க்கவில்லை. அதில் லாபம் மிகக் குறைவாம்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சார்பர்க் என்ற சிற்றூர் தேர்வாயிற்று. கொலோனிலிருந்து ரைன் நதியோரமாகக் கோப்லென்ஸ், அங்கிருந்து மோசல் பள்ளத்தாக்கு வழியே டிரியர், அதையும் தாண்டி இருபது நிமிடம். எப்படிக் கூட்டினாலும் ஒரு வழிக்கு மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. டிரியருக்கு ஐஃபெல் மலை வழியாகவும் ஒரு பாதை உண்டு. ஆனால் 2021 ஜூலை வெள்ளத்தில் அந்தப் பாதை பெரிதும் சேதமடைந்ததால், கோப்லென்ஸ் சுற்றே எங்களுக்கு வாய்த்தது. சுற்று என்றதும் அட்டவணையின் முகம் மலர்ந்தது.

உணவுப் பொறுப்பு திருவாரூர் அண்ணனுடையது. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அவர்தான் எங்களில் மூத்தவர். ஊரிலிருந்து வந்த புளிக்காய்ச்சலைப் பொன்போல் பாதுகாத்து வைத்திருப்பவர். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளைத் திறக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ரயில் நிலையக் கடைகள், சில மணி நேரம் மட்டும் திறக்கும் பேக்கரிகள் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. உணவகங்கள் திறந்திருந்தாலும், அங்கே ஒரு தட்டின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. எனவே ஐந்து பேருக்கான புளியோதரை, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் ஒரே பெரிய பையில் ஏறின. பையைச் சுமக்கும் பொறுப்பை அட்டவணை தானாகவே முன்வந்து ஏற்றுக்கொண்டான். இந்தத் தாராளத்தை அன்றே நாங்கள் சந்தேகித்திருக்கலாம் என்று கோவைத் தோழி இன்றும் சொல்கிறாள்.

கோப்லென்ஸில் எங்களுக்காகக் காத்திருந்த ரயிலில் இரண்டு விதமான பெட்டிகள் இருந்தன. ஒரு பாதி சாதாரணப் பெட்டிகள். மறுபாதி மாடி வைத்த பெட்டிகள். கூட்டம் முழுவதும் சாதாரணப் பெட்டிகளில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருக்க, மாடிப் பெட்டிகள் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. மேல்தளத்திலிருந்து மோசல் நதியைப் படமெடுக்கலாம் என்று அட்டவணை பையோடு அங்கே ஓடினான். நாங்கள் நால்வரும் எதிரெதிர் இருக்கைகள் கிடைத்த மகிழ்ச்சியில் சாதாரணப் பெட்டியிலேயே உட்கார்ந்துவிட்டோம். கதவு மூடிய பிறகு அவனிடமிருந்து அழைப்பு வந்தது. “மச்சான், மேல மொத்தமும் காலிடா, எல்லாரும் இங்க வாங்க.” போகலாம் என்று எழுந்து நடந்தால் எங்கள் பாதியின் கடைசியில் சுவர்தான் இருந்தது. இரண்டு பாதிகளும் கொக்கியால் இணைந்திருந்தனவே தவிர, நடுவில் வழி இல்லை. சரி, சார்பர்க்கில் இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

மோசல் பயணம் உண்மையிலேயே அழகானது. செங்குத்தான சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் கோடு கோடாக இறங்கி வருகின்றன. கோஹெம் ஊரில் குன்றின் உச்சியில் கோட்டை தெரிகிறது. அதைப் படமெடுக்கக் கைபேசியை எடுப்பதற்குள் நான்கு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள, 1879-இல் திறக்கப்பட்ட கைசர் வில்ஹெல்ம் சுரங்கம் வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. தென்காசி நண்பனின் கைபேசியில் அந்தச் சுரங்கத்தின் இருட்டு மட்டும் பல கோணங்களில் இருக்கிறது.

டிரியர் நெருங்கும்போது ஓர் அறிவிப்பு வந்தது. எங்களில் ஓரளவு ஜெர்மன் தெரிந்தவள் கோவைத் தோழி மட்டுமே. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, எங்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: “ரயிலை இங்க ரெண்டாப் பிரிக்கிறாங்களாம். நம்ம பாதி சார்புருக்கன் பக்கம் போகுது. மாடி வண்டி லக்சம்பர்க் போகுது.” ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு திருவாரூர் அண்ணன் கேட்டார்: “பை யாருகிட்ட இருக்கு?” நண்பனைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதை இங்கே நேர்மையாகப் பதிவு செய்துவிடுகிறேன்.

மாறி மாறி அழைத்தும் அவன் எடுக்கவில்லை. விடியற்காலையில் எழுந்த களைப்பில், மேல்தளத்துக் காலி இருக்கைகளில் காலை நீட்டி உறங்கிக்கொண்டிருந்தானாம். அறிவிப்பு அவன் பெட்டியிலும் ஒலித்திருக்கிறது, பிரெஞ்சிலும் சொன்னார்களாம். அரைத் தூக்கத்தில் அதைக் கேட்டவன், சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்துத் திரும்பிப் படுத்திருக்கிறான். அவனை எழுப்பியது கைபேசியில் வந்த குறுஞ்செய்திதான்: லக்சம்பர்க் தங்களை அன்புடன் வரவேற்கிறது, இங்கேயும் உள்நாட்டுக் கட்டணத்திலேயே பேசலாம். அடித்துப் பிடித்துக்கொண்டு முதல் நிலையமான வாசர்பில்லிக்கில் இறங்கிவிட்டான்.

சார்பர்க்கில் நாங்கள் நால்வரும் வெறுங்கையோடு இறங்கினோம். ஊரின் நடுவே, வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் இடையில், லொய்க் என்ற ஓடை ஏறத்தாழ இருபது மீட்டர் உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. இயற்கையாக அந்த ஓடை ஊருக்குள் வரவில்லை; இடைக்காலத்தில் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டிருக்கிறார்கள். கீழே அந்த நீரால் சுழலும் ஆலைச் சக்கரங்களும் இருக்கின்றன. தென்காசி நண்பன் அருவியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “குளிக்க எந்தப் பக்கம்லே இறங்கணும்?” என்றான். குளிக்க முடியாது, நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி பார்க்க மட்டும்தான் முடியும் என்று விளக்கினோம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்று வளர்ந்தவனுக்கு, நனையாத அருவி என்பது சாப்பிடாத விருந்தாகத்தான் பட்டது. விருந்து என்ற சொல்லை அந்த நேரத்தில் அவன் எடுத்திருக்க வேண்டாம். பேக்கரி மூடிவிட்டிருந்தது; அருவியோர உணவகத்தின் விலைப்பட்டியலைப் படித்துவிட்டு அனைவரும் மரியாதையாக நகர்ந்தோம்; ஆளுக்கு ஒரு கரண்டி ஐஸ்கிரீமோடு மதிய உணவு முடிந்தது.

அந்தப் பக்கம் வாசர்பில்லிக்கிலிருந்து நேரடி ஒலிபரப்பு வந்துகொண்டே இருந்தது. அங்கே வரிசை வரிசையாகப் பெட்ரோல் நிலையங்கள்தாம் இருக்கின்றன, ஜெர்மானியர்கள் எல்லை தாண்டி வந்து எரிபொருளும் காப்பித்தூளும் வாங்கிப் போகிறார்கள் என்று எழுதினான். அது உண்மைதான், ஜெர்மனியில் காப்பிக்கென்றே தனி வரி இருக்கிறது, வறுத்த கொட்டை கிலோவுக்கு 2.19 யூரோ. ரயிலில் அபராதம் போட்டார்களா என்று கவலையோடு கேட்டதற்கு, 2020-ஆம் ஆண்டிலிருந்தே லக்சம்பர்க்கில் பொதுப் போக்குவரத்து எல்லோருக்கும் இலவசம் என்ற தகவலை அனுப்பினான். இலவசப் பயணத்துக்கு லாபத்தை எப்படிக் கணக்கிடுவது என்று அவன் அந்த நிலையிலும் குழம்பிக்கொண்டிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

உண்மையான பயம் அவனுக்குத் திரும்பி வரும்போது பிடித்தது. ஐரோப்பாவின் ஷெங்கன் ஒப்பந்த நாடுகளுக்குள் மாணவர்கள் போய்வரலாம் என்றாலும், கடவுச்சீட்டும் வதிவிட அனுமதி அட்டையும் உடன் இருக்க வேண்டும். கடவுச்சீட்டோ விடுதியில், சூட்கேஸின் அடியில் பத்திரமாக உறங்கிக்கொண்டிருந்தது. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையை விரிவுபடுத்தியிருந்ததும் அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வதிவிட அட்டை, மாணவர் அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை, நூலக அட்டை என நான்கையும் சீட்டுக்கட்டுபோல் விரித்துப் பிடித்தபடி, ஜெர்மன் மொழியில் ஒரு மன்னிப்பு வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே டிரியர்வரை வந்திருக்கிறான். யாரும் வந்து கேட்கவில்லை. கேட்காததில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம் என்றுகூடத் தோன்றியது.

டிரியரில், போர்ட்டா நிக்ரா என்ற ரோமானியக் கோட்டை வாயிலின் கீழ் இரு அணிகளும் சந்தித்தன. இரண்டாம் நூற்றாண்டில் எழுப்பிய அந்தக் கருங்கட்டடத்தை, பதினோராம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த சிமியோன் என்ற துறவியின் நினைவாகத் தேவாலயமாக மாற்றினார்கள். பிறகு நெப்போலியன் அதைக் கலைத்துப் பழைய வாயிலாக்கச் சொன்னார். இவ்வளவையும் அட்டவணை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். நாங்கள் பையைத் திறப்பதைத் தள்ளிப்போடவே அவன் வரலாறு பேசுகிறான் என்பது பை திறந்ததும் விளங்கியது. ஐந்து பேருக்கான புளியோதரையில் பாதிக்குமேல் காணவில்லை. முட்டை ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. பதற்றத்தில் தனக்கு எப்போதும் பசி அதிகரிக்கும் என்று விளக்கம் சொன்னான். அந்த மிச்சத்தை ரோமானியச் சுவரோரம் உட்கார்ந்து நால்வரும் பங்கிட்டு உண்டோம். அவன் கண்ணியமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருவாரூர் அண்ணனைச் சமாதானப்படுத்தியவர் கார்ல் மார்க்ஸ்தான். மார்க்ஸ் பிறந்த ஊர் டிரியர். அவருடைய 200-ஆவது பிறந்தநாளான 2018 மே 5 அன்று, சீனா அன்பளிப்பாகக் கொடுத்த வெண்கலச் சிலையைப் பீடத்தோடு ஐந்தரை மீட்டர் உயரத்துக்கு அங்கே நிறுவியிருக்கிறார்கள். அண்ணனின் தாத்தா பழைய விவசாயச் சங்கத்துக்காரர். சிலைக்கு முன் நின்று எடுத்த படத்தை அந்த நிமிடமே ஊருக்கு அனுப்பிவைத்தார். மார்க்ஸ் உருவம் ஒளிரும் போக்குவரத்து விளக்கில் பச்சை விழுந்தும் தெருவைக் கடக்காமல், சிவப்பு மார்க்ஸுக்காகக் காத்து நின்றார். கடைசியில் மார்க்ஸ் படம் போட்ட பூஜ்ய யூரோ நோட்டு ஒன்றை மூன்று யூரோ கொடுத்து வாங்கினார். மதிப்பில்லாத தாளை மூன்று யூரோவுக்கு விற்கும் இந்தக் கணக்கை மார்க்ஸ் பார்த்திருந்தால் ‘மூலதனம்’ நூலுக்கு இன்னொரு தொகுதி எழுதியிருப்பார் என்று நான் சொன்னதை அண்ணன் ரசிக்கவில்லை.

இரவு கொலோன் திரும்பியதும், குழுவின் செலவுகளைப் பங்கிடும் செயலியில் அட்டவணை கணக்கைப் பதிவேற்றினான். அரிசி, முட்டை, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் விலை ஐந்து சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கோவைத் தோழி உடனே ஆட்சேபம் எழுப்பி, உண்ட அளவுக்கு ஏற்பப் பங்கு போட வேண்டும் என்றாள். உணவைச் சர்வதேச எல்லை தாண்டிச் சுமந்து, எல்லை தாண்டித் திரும்பக் கொண்டுவந்ததற்குக் கூலி உண்டா என்று அவன் கேட்டான். எங்கள் நால்வருக்கும் இல்லாத லக்சம்பர்க் பயணம் அவனுடைய லாப நிரலில் மட்டும் எப்படி ஏறியது என்று தென்காசி நண்பன் எதிர்க்கேள்வி போட்டிருக்கிறான். திருவாரூர் அண்ணன், புளிக்காய்ச்சலுக்கு விலையே போடவில்லையே என்று ஒரு வரி எழுதிவிட்டு மௌனமாகிவிட்டார். என் பங்கான 1 யூரோ 40 சென்ட் இன்னும் நிலுவையில் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை கொடுப்பதாக இல்லை.