கட்டெறும்பு ராணிக்கு ஒரு கண்ணாடிக் குழாய்

மே 11, அஸ்தம்பட்டி

அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் புழுங்கிய பின், நேற்று ஏற்காடு மலைப் பக்கமிருந்து கறுத்து வந்த மழை ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. காற்றடங்கி ஈரம் மட்டும் நின்ற இன்றைய மாலை கட்டெறும்புகள் இணைசேரப் பறப்பதற்கு ஏற்றது என்று எண்ணி, ராணிகளைப் பிடித்து வளர்க்க ஏழரை மணிக்குக் காலி மாத்திரைக் குப்பிகளோடு தெருவிளக்கின் அடியில் போய் நின்றேன். "ஈசலுங்களா? பொரியோட வறுத்தா நல்லா இருக்குமுங்க" என்றார் எதிர்வீட்டு அக்கா. ஈசலின் நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், இடையும் ஒடுங்காது. எறும்புக்கோ முன்னிறக்கை பெரிது, உணர்கொம்பும் முழங்கைபோல் மடிந்திருக்கும் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

இறக்கையை உதிர்த்துவிட்டுச் சாக்கடைச் சுவரோரம் பொந்து தேடி ஓடிய இரண்டு ராணிகளும், இறக்கையோடு ஒன்றும் கிடைத்தன. விளக்கைச் சுற்றிய சிறிய ஆண் எறும்புகளை விட்டுவிட்டேன். அவற்றின் வேலையும் ஆயுளும் ஏறத்தாழ முடிந்துவிட்டன.

மே 12

சோதனைக்குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரைத் தொட்டு நனையும்படி பஞ்சை இறுக்கி அடைத்து, மிஞ்சிய இடத்தில் ராணியை விட்டு, வாயைக் காற்றுப் புகும் அளவுக்கு உலர்ந்த பஞ்சால் மூடினால் வீடு தயார். பஞ்சு தளர்ந்தால் அறைக்குள் வெள்ளம் வரும். போன ஆண்டு ஒரு ராணியை நான் இழந்தது அப்படித்தான். எறும்புக்குச் சிவப்பு நிறம் சரிவரத் தெரியாது என்பதால் குழாயைச் சிவப்புக் கண்ணாடித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். தீனி எதுவும் வைக்கவில்லை. இனிப் பறக்கத் தேவையில்லாத இறக்கைத் தசைகளைக் கரைத்தே இவள் தானும் பிழைத்து முதல் குஞ்சுகளையும் வளர்த்துவிடுவாள்.

மே 17

முதல் ராணியிடம் ஏழு முட்டைகள், இரண்டாமவளிடம் ஐந்து. இறக்கையோடு வந்தவள் இன்னும் அதை உதிர்க்கவில்லை. இணைசேராதவளாக இருக்கலாம், அப்படியானால் அவள் முட்டையிட்டாலும் ஆண்கள்தாம் பிறக்கும்.

மே 21

இரண்டாமவள் முட்டைகளைத் தின்றுவிட்டாள். குற்றம் என்னுடையது. வெதுவெதுப்பாக இருக்குமே என்று குழாய்களை ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். அதன் மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் குழாயில் நீர்மட்டம் சிலிர்ப்பதை இன்று காலைதான் கவனித்தேன். போதாததற்கு, தினமும் இருமுறை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். இடம் பாதுகாப்பில்லை என்று பட்டால் ராணி முட்டையைத் தின்று, போட்ட முதலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். எல்லாக் குழாய்களையும் சுவர் அலமாரியில் பழைய போர்வைகளுக்கு நடுவே மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறைதான் திறப்பது என்று முடிவு செய்தேன்.

மே 26, ஏற்காடு

வீட்டில் சும்மா இருந்தால் அலமாரியைத் திறந்துவிடுவேன் என்று அஞ்சி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்தேன். காப்பித் தோட்டத்து ஓரம், சில்வர் ஓக் மரத்தடியில் டயகம்மா என்ற எறும்பினத்தின் புற்று ஒன்று: வாயைச் சுற்றிக் காய்ந்த இலைத் துணுக்கும் ஒரு கோழி இறகும். இந்த இனத்தில் ராணி என்று தனிப் பிறவியே கிடையாது. எல்லாப் பெண்களும் முதுகில் மொட்டுப்போன்ற ஒரு ஜோடிச் சிறு உறுப்புகளோடு பிறக்க, இணைசேர்ந்து முட்டையிடும் ஒருத்தி மற்றவர்களின் மொட்டுகளைக் கடித்துத் துண்டித்துவிடுகிறாள், இழந்தவள் வேலைக்காரியாகிறாள். ராணி தேடி அலைகிறவனுக்கு இங்கே வேலையில்லை என்று சிரித்துக்கொண்டே அரை மணி நேரம் குந்தியிருந்தேன்.

ஜூன் 7

முதலாமவளிடம் மூன்று கூட்டுப்புழுக்கள், வெளிர்பழுப்பில், சீரகச் சம்பா நெல்லைப் போல. புழு பட்டுநூலால் தன்னைச் சுற்றிக்கொள்ள ஏதாவது பற்றுக்கோடு வேண்டும் என்பதால் நான் முன்பே இட்ட சில மணல்துகள்களை ராணி ஒன்றுவிடாமல் அவற்றின் மேல் குவித்திருந்தாள். இரண்டாமவள் மறுபடி முட்டையிட்டிருக்கிறாள். இறக்கைக்காரி இறந்துவிட்டாள்.

ஜூன் 24

காலையில் திறந்தபோது ஒரு கூட்டின் ஓரம் கிழிந்திருந்தது. உள்ளிருந்து வெளுத்த கால் ஒன்று அசைய, ராணி தாடையால் கிழிசலை அகலப்படுத்திக்கொண்டிருந்தாள். அரைமணி நேரத்துக்குப் பின் வெளிவந்த முதல் வேலைக்காரி தெருவில் காணும் கட்டெறும்பில் பாதிகூட இல்லை. பட்டினியில் வளர்ந்த முதல் பிள்ளைகள் இப்படித்தான் சிறுத்துப் பிறக்கும்.

ஜூன் 27

மூன்று பேர் ஆகிவிட்டார்கள். நாட்டுச் சர்க்கரைக் கரைசலில் ஒரு சொட்டைப் பஞ்சின் ஓரம் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். சிவப்புத் தாளின் வழியே டார்ச்சை மங்கலாகப் பிடித்துப் பார்த்தபோது, வயிறு புடைத்த ஒருத்தி ராணியின் வாயோடு வாய் வைத்து நின்றாள். நாற்பத்தேழு நாளுக்குப் பின் ராணிக்கு அதுதான் முதல் தீனி.