டெ காட்: வண்ணம் அரைக்கும் காற்றாலை

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலில் ரயில் ஏறினால் 20 நிமிடத்துக்குள் சான்டைக் சான்சே ஸ்கான்ஸ் நிலையம். அங்கிருந்து யூலியானா பாலத்தில் சான் ஆற்றைக் கடந்து கால் மணி நேரம் நடந்தால், பழைய காற்றாலைகள் நிற்கும் சான்சே ஸ்கான்ஸ். பாலத்திலேயே படமெடுத்துத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். டெ காட் வரை நடந்து உள்ளே ஏறுங்கள்.

பெயருக்குப் பூனை என்று பொருள். 1646ல் எண்ணெய் ஆலையாகக் கட்டினார்கள். 1782ல் எரிந்தது, மீண்டும் எழுந்தது. 1904ல் மேல்பாகத்தைப் பிரித்துவிட்டார்கள். 1960ல் வேறொரு சாய ஆலையான டெ டௌன்யாகரின் எண்கோண உடலைக் கொண்டுவந்து எஞ்சியிருந்த அடிக்கட்டின் மேல் ஏற்றினார்கள். ஓவியர்களுக்கான நிறமிகளை இன்றும் இங்கே அரைக்கிறார்கள்.

கீழ்த்தளத்தில் பல டன் எடையுள்ள இரண்டு கற்கள் நிமிர்ந்த சக்கரங்களாக ஒரு கல்மேடையில் உருளுகின்றன. சுண்ணாம்பு அரைக்கும் கல்சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். விலகி ஓடும் தூளை மரத்தகடு ஒன்று தள்ளித் தள்ளிக் கல்லுக்கு அடியிலேயே சேர்க்கிறது. பிறகு சல்லடையில் சலிப்பார்கள், தூளாகாத கப்பி மறுபடி கல்லுக்கே போகும்.

மேலே பற்சக்கரங்கள் எல்லாம் மரம். பற்களுக்குத் தேன்மெழுகு, இறக்கைத் தண்டு அமரும் கல்லுக்குப் பன்றிக் கொழுப்பு. அந்தக் கல் காய்ந்தால் தண்டு சூடேறும். ஆனால் ஆலைக்காரர் உண்மையில் பயப்படுவது பிரேக்குக்குத்தான். அதுவும் மரக்கட்டைதான், பெரிய சக்கரத்தைச் சுற்றிக் கவ்வுவது. காற்று முற்றிய பிறகு அழுத்தினால் உரசலில் தீப்பிடிக்கும். அதனால் வானம் கறுக்கும்போதே ஆலையை நிறுத்தி, இறக்கைகளை ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்து, அதில் விரித்த துணிப் பாயைச் சுருட்டிவிடுவார்கள். காற்றுத் திசை மாறினால், ஆலையைச் சுற்றி வெளியே உள்ள மேடையின் சக்கரத்தைச் சுழற்றித் தலைப்பாகம் முழுவதையும் திருப்ப வேண்டும். பின்பக்கம் காற்று வாங்கினால் தண்டே பெயரக்கூடும்.

அந்த மேடைக்கு ஏறியதும் கிழக்கே பாருங்கள்: கால்வர்போல்டர் என்ற தாழ்நிலம். வாய்க்கால்கள் கீறிய புல்வெளி, நாணல். காற்றாலைக்கு இந்த வெறுமை எஞ்சினைப் போலவே அவசியம். பக்கத்தில் ஓர் உயர்ந்த மரமோ கட்டடமோ வந்தால் காற்று குலைந்து, விட்டுவிட்டு அடிக்கும். கல்லும் சீராக ஓடாது. அடியில் மக்கிய தாவரங்களாலான மெத்தென்ற கரிமண், அதனால்தான் சுற்றிலும் எடை குறைந்த பச்சை மரவீடுகள். 18ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றுப் பகுதியில் 600க்கு மேற்பட்ட காற்றாலைகள் சுழன்றன. மரம் அறுத்தன, எண்ணெய் ஆட்டின, காகிதக் கூழ் அடித்தன.

காற்றில்லாத நாளில் போனால் கல் நின்றிருக்கும். கிழக்குக் காற்றுள்ள நாள் கிடைத்தால் மேடையில் காத்திருங்கள். முதலில் தூரத்து நாணல் சாயும். அடுத்த சில நொடியில் காலடிப் பலகை அதிரத் தொடங்கும்.