ஈமு போரும் எங்கள் மாமாவும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புரளிக்கு இருக்கிற மரியாதை உண்மைக்குக் கிடையாது. நம் தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாக ஆகஸ்ட் 15 வாக்கில் ஒரு ஃபார்வர்டு வரும். ஆளாளுக்குக் கும்பிடு போடுவார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் வாம்பாட் என்றொரு விலங்கு கனசதுரமாகப் புழுக்கை போடுகிறது, அது எப்படி என்று ஆராய்ந்தவர்களுக்கு 2019-இல் இக் நோபல் பரிசே (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்கான பரிசு) கொடுத்தார்கள் என்று நான் போட்டால், "சாப்பிடற நேரத்துல எதுக்கு கண்ணு இதெல்லாம்?" என்பார் பெரியம்மா. இத்தனைக்கும் அது நூற்றுக்கு நூறு உண்மை.

விடுவேனா? போன ஞாயிற்றுக்கிழமை ஈமு போரை எடுத்துவிட்டேன்.

1932-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைக் காடுகளுக்குள் சுமார் 20,000 ஈமுக்கள் புகுந்துவிட்டன. அங்கே பயிர் செய்தவர்களில் பலர் முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பியவர்கள். இயந்திரத் துப்பாக்கியின் அருமை தெரிந்தவர்கள். நேராகப் பாதுகாப்பு அமைச்சரிடம் போய் நின்றார்கள். மேஜர் மெரிடித் தலைமையில் படை கிளம்பியது: 2 லூயிஸ் துப்பாக்கிகள், 10,000 தோட்டாக்கள். சுட ஆரம்பித்ததும் ஈமுக்கள் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிந்து திசைக்கொன்றாகச் சிதறின. பதுங்கியிருந்து சுட்டால் துப்பாக்கி மக்கர் செய்தது. லாரியில் துப்பாக்கியைக் கட்டித் துரத்தினார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிற பறவையை அந்தக் கரடுமுரடில் லாரியால் பிடிக்க முடியவில்லை. கடைசியில் மேஜர் கொடுத்த கணக்கு: 9,860 தோட்டா, 986 ஈமு. தலைக்குச் சரியாகப் பத்து. எங்கள் ஊர் ஏலச்சீட்டு நோட்டில்கூட இவ்வளவு சுத்தமான கணக்கைப் பார்க்க முடியாது.

நீல டிக் விழுந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காரணம் தெரிந்ததுதான். குழுவில் கோபி மாமா இருக்கிறார். பெருந்துறைப் பக்கம் ஈமு பண்ணைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், பறவையை வளர்த்துக் கொடுத்தால் மாதாமாதம் பணம் வரும் என்று நம்பி முதல் போட்டவர்களில் அவரும் ஒருவர். 2012-இல் அந்தத் தொழில் மொத்தமாகப் படுத்தபோது, அவர் தோட்டத்துக் கம்பிவேலிக்குள் ஆறு ஈமுக்கள் கழுத்தை நீட்டி நின்றுகொண்டிருந்தன. சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

மாமா டைப் செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"மாப்ள, இதை 2011லயே போட்டிருக்கலாமுல்ல?"

சிரித்து முடிப்பதற்குள் அவர் வாய்ஸ் நோட்டில் இறங்கிவிட்டார். ஈமு முட்டை கரும்பச்சையாக இருக்குமாம். பொட்டை முட்டையிட்டதோடு சரி, அடைகாப்பதெல்லாம் ஆண்தானாம். எட்டு வாரம் கிட்டத்தட்டப் பட்டினியாகவே கிடக்குமாம். ஏதாவது ஒன்று தப்பாக இருக்காதா என்று ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தேன். அத்தனையும் சரி. காசு கொடுத்துக் கற்றவரோடு கூகுளில் கற்றவன் போட்டி போட முடியுமா?

கடைசி வாய்ஸ் நோட்டில், அந்த ஆண் ஈமுவின் பொறுமையை மாமா கொஞ்சம் உருக்கமாகவே புகழ்ந்தார். தினமும் ரோஜாப்பூ குட்மார்னிங்கோடு நிறுத்திக்கொள்கிற அத்தை அப்போதுதான் ஒரு வரி எழுதினார்:

"ஆஸ்திரேலியாக்காரன் துப்பாக்கிய வச்சுத் தோத்தான். உங்க மாமா என் வளையலை வச்சுத் தோத்தாரு."

அதற்கப்புறம் வாய்ஸ் நோட்டு எதுவும் வரவில்லை.