35 பேருக்கு ஒருவன்

நெப்போலியன் காலத்துப் போர்களைச் சின்னச் சிப்பாய் பொம்மைகளுக்கு பெயின்ட் அடித்து, மேஜையில் நிறுத்தி, பகடை உருட்டி ஆடுவது என் பொழுதுபோக்கு. பிரெஞ்சுக் காலாட்படை பட்டாலியன் ஒன்றில், காகிதக் கணக்குப்படி, 840 பேர். 1808 பிப்ரவரியில் நெப்போலியன் போட்ட உத்தரவு அது: பட்டாலியனுக்குள் ஆறு கம்பெனி, கம்பெனிக்கு 140 பேர். என் மேஜையில் அந்த பட்டாலியனுக்கு 24 பொம்மைகள், கம்பெனிக்கு நாலு. வகுத்தால் ஒரு பொம்மைக்கு 35 சிப்பாய்கள். 1815 ஜூனில் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ சண்டைக்கு வந்த பட்டாலியன்களில் பெரும்பாலானவை அந்த 840ஐ நெருங்கக்கூட இல்லை என்பது வேறு விஷயம். நான் உத்தரவை வைத்துக் கணக்குப் போடுகிறவன்.

பெயின்ட் அடிப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். 35 பேருக்குச் சேர்த்து ஒரு ஜோடிக் கண் வரைவதில் என்ன அர்த்தம்? என் ஆட்களுக்குக் கண் கிடையாது. முகத்தில் தோல் நிறம், மேலே பழுப்பு வாஷ் (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த பெயின்ட்), மூக்கிலும் கன்னத்திலும் ஒரு வெளிர் தொடுகை, அவ்வளவுதான். எனக்கு எதிரே பிரிட்டிஷ் படையை நிறுத்தும் நண்பர் நேர்மாறு. கோட்டுப் பொத்தானுக்குக்கூட ஒன்றொன்றாக பெயின்ட் தொட்டு முடிப்பார்.

"ஏம்ப்பா, கிட்ட வச்சுப் பார்த்தா உன் ஆளுக்கு மூஞ்சியே இல்லையே?"

"கிட்ட வச்சுப் பார்க்கச் சொன்னது யாரு?"

நின்றுகொண்டு ஆடும்போது கண்ணுக்கும் மேஜைக்கும் மூன்றடி இடைவெளி இருக்கும். அங்கிருந்து தெரிவது தொப்பியின் உருவம், மார்பில் குறுக்காக ஓடும் வெள்ளைப் பட்டை, கொடி, காலடி மண். என் நேரமெல்லாம் அந்த நாலுக்கும்தான் போகிறது.

நிறத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. பிரெஞ்சுக் கோட்டின் அசல் நிறம் நல்ல கருநீலம். அதையே 28 மி.மீ. பொம்மையில் அடித்தால் மூன்றடியில் கறுப்பாகத்தான் தெரியும். பொருள் சிறிதானால் நிறமும் வெளிற வேண்டும். அதனால் இரண்டு படி வெளிறிய நீலத்தில் தொடங்கி, மடிப்புகளில் வாஷ் இறங்கவிட்டு, மேடுகளில் இன்னும் வெளிறிய நீலத்தை இழுக்கிறேன். வெள்ளைப் பட்டைக்கும் எடுத்த எடுப்பில் வெள்ளை கிடையாது. முதலில் மங்கலான சாம்பல், அதன் நடுவில் மட்டும் வெள்ளை. ஓரத்தில் மிஞ்சும் சாம்பலே நிழலாகிவிடும். முழு வெள்ளைக் கோட்டு போட்ட ஆஸ்திரியர்களை விரும்பிச் சேர்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

அணிவகுப்பு உடையா, போர்க்கள உடையா என்பது இந்தப் பொழுதுபோக்கில் தீராத வழக்கு. நான் சேர்ப்பது 1815 ஜூன் மட்டும் என்பதால் எனக்கு அதில் குழப்பமில்லை. ஜூன் 17 மாலையும் இரவும் கொட்டிய மழையில், சேற்றில் படுத்து எழுந்து வந்தவர்கள் அவர்கள். பளபளக்கும் தொப்பித் தகட்டோடு நிற்க வாய்ப்பே இல்லை. ஷாக்கோ தொப்பிக்கு மேல் உறை, உடம்பில் பெரிய மேல்கோட்டு. அந்த மேல்கோட்டுகளும் ஒரே நிறமில்லை. சாம்பல், மணல் நிறம், பழுப்பு என்று கிடைத்ததை மாட்டியவர்கள். நான் நாலைந்து நிறம் கலந்து வைத்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறம் வராதபடி அடிக்கிறேன். கூட்டம் உயிர் பெறுவது அதில்தான்.

எல்லாவற்றையும் உறையும் மேல்கோட்டும் மூடிவிட்ட பிறகு, கம்பெனியை அடையாளம் காட்ட மிஞ்சுவது தொப்பி உச்சியில் இருக்கும் சின்ன பாம்பாம் உருண்டை. ஆறில் நாலு, சாதாரணச் சிப்பாய்களின் ஃபியூசிலியர் கம்பெனிகள். அவற்றில் முதலாவதுக்குப் பச்சை, இரண்டாவதுக்கு வான்நீலம், மூன்றாவதுக்கு ஆரஞ்சு, நாலாவதுக்கு ஊதா. 28 மி.மீ. பொம்மையில் அது ஒரு பிரஷ் முனைப் புள்ளி. ஆனால் நாலு நாலாக நிறுத்தி, ஒரு பக்கம் சிவப்புத் தோள் குஞ்சத்தோடு கிரனடியர் கம்பெனியும் மறுபக்கம் வால்டிஜர் கம்பெனியும் நின்றால், பட்டாலியன் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று மூன்றடியிலிருந்தே படிக்கலாம். பொத்தானுக்குப் போக வேண்டிய நேரம் இங்கே போகட்டும் என்கிறேன்.

கொடிக்கம்பத்தின் உச்சியில் இருக்கும் கழுகுச் சின்னத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறாது. 1808க்குப் பிறகு, பல பட்டாலியன் சேர்ந்த ரெஜிமென்டுக்கு ஒரு கழுகுதான். அதுவும் முதல் பட்டாலியனிடம். மற்ற பட்டாலியன்களுக்குச் சாதாரணத் துணிக்கொடி. ஆனால் பொம்மைப் பெட்டியில் கழுகு வருகிறதே என்று எல்லா பட்டாலியனுக்கும் ஒட்டி வைத்திருப்பார்கள். அழகாக இருக்கிறது என்பார்கள். அழகாகத்தான் இருக்கிறது!

பிரிட்டிஷ்காரர்களிடம் பிரிவை அடையாளம் காட்டும் வேலையைக் காலரும் கைநுனி மடிப்பும் செய்கின்றன. கோட்டு எல்லோருக்கும் சிவப்பு. சிப்பாய்க்கு மஞ்சிட்டி வேர்ச் சாயத்தின் மங்கிய சிவப்பு, அதிகாரிக்குப் பளிச்சென்ற சிவப்பு. ரெஜிமென்டைக் காட்டுவது காலர் நிறம். வாட்டர்லூவில் ஹால்கெட் என்ற தளபதியின் பிரிகேடில் இருந்த நாலு ரெஜிமென்டில் 30ஆம் ரெஜிமென்டுக்கு வெளிர் மஞ்சள், 33க்குச் சிவப்பு, 69க்கும் 73க்கும் வெவ்வேறு பச்சை. ரெஜிமென்ட் கொடியின் பின்புலமும் அதே நிறம்தான். 33க்கு மட்டும் அது ஒத்துவராது. காலர் சிவப்பு என்பதால் வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை. நண்பர் அந்தக் கொடியைக் காகிதத்தில் அச்சடித்து, மடித்து, வெட்டு விளிம்பின் வெள்ளை தெரியாமல் பெயின்ட் தொட்டு ஒட்டியிருந்தார். பொத்தான் விஷயத்தில் ஒத்துப்போகாவிட்டாலும் கொடி விஷயத்தில் அவர் குரு.

மேஜையில் அளவு ஒத்துப்போகாது, அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 840 பேர் மூன்று வரிசையில் நின்றால் வரிசைக்கு 280 பேர். ஆளுக்குச் சுமார் 55 செ.மீ. என்றால் முன்பக்கம் 150 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். என் 24 பேர் இரண்டு வரிசையில் பிடிப்பது 24 செ.மீ. அப்படியானால் ஒரு செ.மீ. ஆறு மீட்டருக்கு மேல். இந்தக் கணக்கில் பொம்மை உயரத்துக்குப் பொருத்தமாக ஒரு பண்ணை வீட்டைச் செய்து வைத்தால் அது ஒரு கிராமத்தையே விழுங்கிவிடும். அதனால் 28 மி.மீ. படைக்கு நடுவே 20 மி.மீ. பொம்மைக்கான அளவில் செய்த கட்டடங்களை வைக்கிறேன். கதவு வழியாக ஒருவனும் நுழைய முடியாது. யாரும் நுழையப் போவதுமில்லை. இந்த முரண் பிடிக்காதவர்கள் 6 மி.மீ. பொம்மைக்குப் போவார்கள். அதில் பட்டாலியன் நிஜமாகவே நீண்ட மெல்லிய கோடாகத் தெரியும். பொறாமைதான், ஆனாலும் பாம்பாமை விட மனசில்லை.

காலடி மண் மட்டும் இரண்டு படைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நண்பரிடம் சண்டை போட்டு வாங்கினேன். அடர்பழுப்புச் சேறு, டிரைபிரஷில் (பெயின்டை ஏறக்குறையத் துடைத்த பிரஷால் உரசி) வெளிர் மண், அங்கங்கே மஞ்சள் கலந்த புல். அந்தச் சரிவுகளில் ஆளுயர ரை (rye) தானியப் பயிர் நின்றது. அதற்குத் தென்னை நார் மிதியடியைத் துண்டு துண்டாக வெட்டி நட்டால் போதும். ஸ்டாடிக் கிராஸ் என்கிற செயற்கைப் புல்லால் அந்த உயரம் வராது.

புதிதாக வார்னிஷ் காய்ந்த படைப்பிரிவு முதல் ஆட்டத்தில் ஓடிப்போகும் என்பது இந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் சொல்வது. பகடைக்கு அதெல்லாம் தெரியாது என்று நான் வாதாடுவேன். ஆனால் புதுப்பிரிவை இப்போதெல்லாம் இரண்டாம் வரிசையில்தான் நிறுத்துகிறேன்.

இப்போது அடிப்பூச்சான பிரைமர் அடித்துக் காய்வது, மார்புக்கவசம் அணிந்த கியூராசியர் குதிரைப்படை. மார்புக்கவசம் சீக்கிரம் முடியும். வேலை வாங்கப் போவது குதிரைகள். உடல் பழுப்பும் பிடரி, வால், கீழ்க்கால் கறுப்புமாக ஒரு வகை. பிடரியும் உடலும் ஒரே செம்பழுப்பாக இன்னொரு வகை. இரண்டையும் குழப்பினால் குதிரை தெரிந்த ஒருவர் மூன்றடியிலிருந்தே பிடித்துவிடுவார். டிரம்பெட்காரனுக்கு மட்டும் சாம்பல்வெள்ளைக் குதிரை. அவனைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.