மூன்றாவது கட்டம்

பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் தொகை மூன்று கட்டமாக இருக்கும். முதலாவது தொழிலாளி பங்கு, இரண்டாவது முதலாளி பங்கு, மூன்றாவது பென்ஷன் பங்கு. சிங்காநல்லூர் மில்லுக்குப் போனவரானாலும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவரானாலும் முதல் இரண்டையும் கூட்டி, "எங்கணக்குல இத்தனை இருக்குதுங்க" என்பார்கள். மூன்றாவதைக் கூட்டுகிறவர்கள் குறைவு. கூட்டியும் பலனில்லை. அது நம் பேரில் சேர்கிற பணம் அல்ல. அங்கே சேர்வது வருசம்.

இந்த ஒன்று பிடிபட்டால் 58 வயதில் நடக்கிற பாதிச் சண்டை இல்லாமல் போகும்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளியிடம் 12 சதவீதம், 1,800 பிடிப்பார்கள். முதலாளியும் 1,800 கட்ட வேண்டும். அந்த 1,800 முழுதாக நம் கணக்குக்கு வராது. சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது 1,250, பென்ஷன் நிதிக்குப் போகிறது. மிச்சம் 550தான் இரண்டாவது கட்டத்தில் விழும். சம்பளம் 25,000 ஆனாலும் பென்ஷனுக்குப் போவது பொதுவாக அதே 1,250தான். 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு முதல் தடவையாக பி.எஃப்.பில் சேர்ந்தவர், அப்போதே 15,000க்கு மேல் வாங்கினார் என்றால் அவருக்கு மூன்றாவது கட்டமே கிடையாது.

பென்ஷன் கணக்கு ஒரே வரி: பென்ஷன் சம்பளத்தை சர்வீஸ் வருசத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். பென்ஷன் சம்பளம் என்பது வேலையை விடுவதற்கு முந்தைய 60 மாதச் சராசரி. 2014 வரை 12 மாதச் சராசரியாக இருந்தது. 20 வருசமோ அதற்கு மேலோ சர்வீஸ் இருந்து 58இல் ஓய்வு பெற்றால் 2 வருசம் போனஸாகச் சேர்ப்பார்கள்.

இங்கேதான் யூடியூபில் கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 2014 செப்டம்பர் 1க்கு முந்தைய சர்வீஸுக்குச் சம்பள உச்சவரம்பு 6,500, அதற்குப் பிந்தையதற்கு 15,000. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுத்தான் கூட்ட வேண்டும். அதற்கு முன் 10 வருசம், அதற்குப் பின் 8 வருசம், பி.எஃப். சம்பளம் 15,000 என்றால், 18ஐ 15,000ஆல் பெருக்கினால் 3,857 வரும். ஆபீஸில் போடுகிற கணக்கு 10 × 6,500 கூட்டல் 8 × 15,000, வகுத்தல் 70. அதாவது 2,643. "ஆயிரத்துக்கு மேல குறைச்சுப் போட்டுட்டாங்க" என்று வருகிற புகாரில் பாதி இந்த வகை. யாரும் ஏமாற்றவில்லை, விதியே அப்படி. 1995 நவம்பர் 16க்கு முன்பே மில்லில் சேர்ந்தவர்களுக்குப் பழைய குடும்பப் பென்ஷன் திட்ட சர்வீஸுக்குத் தனி அட்டவணை உண்டு. அது இதோடு கூடும்.

இன்னொரு பயம், ஜீரோ. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குக் கணக்கை மாற்றினால் முதல் இரண்டு கட்டத்துத் தொகையும் புதுக் கணக்குக்கு வரும். பென்ஷன் கட்டத்தில் 0 என்று நிற்கும். போச்சு என்று நினைக்க வேண்டாம். பென்ஷனில் மாறுவது பணம் இல்லை, சர்வீஸ். பார்க்க வேண்டியது பி.எஃப். போர்ட்டலில் உள்ள சர்வீஸ் ஹிஸ்டரி. அங்கே பழைய கம்பெனியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கிறதா, சம்பளமில்லாத நாள் எத்தனை என்று போட்டிருக்கிறார்கள், இதையெல்லாம் பாருங்கள். ஆர்டர் இல்லாமல் படுத்த மாதங்களும், நோம்பிக்கு ஊருக்குப் போய்ச் சம்பளமில்லாமல் இருந்த நாட்களும் சர்வீஸில் கழியும். விலகிய தேதியைக் கம்பெனி போடாமல் விட்டிருந்தால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து நாமே போர்ட்டலில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) இருந்தால் முதலில் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றி முடியுங்கள், மற்ற வேலையெல்லாம் அப்புறம்.

சரி, பத்து வருசத்துக்கு வருவோம். மாதப் பென்ஷன் வேண்டுமானால் குறைந்தது 10 வருச சர்வீஸ். ஆறு மாதமும் அதற்கு மேலும் ஒரு வருசமாக எண்ணப்படும் என்பதால் 9 வருசம் 6 மாதம் இருந்தாலே 10. ஒரு மாதம் குறைந்து 9 வருசம் 5 மாதம் என்றால் மாதப் பென்ஷன் கிடையாது, ஒரு தடவை கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஜெர்மனியில் 5 வருசம் கட்டியிருந்தால் முதுமைப் பென்ஷனுக்கு உரிமை வந்துவிடும். ஜப்பானில் 25 வருசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் பலர் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்து 2017இல் 10ஆக இறக்கினார்கள். நம்முடையது தொடக்கத்திலிருந்தே 10தான், அன்றைய ஜப்பானைவிடத் தாராளம் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பத்தை நம் ஆட்களே கத்தரித்து எறிகிறார்கள்.

எப்படியென்றால், வேலையை விட்டதும் 'பி.எஃப். எடுத்தாச்சு' என்று எல்லா ஃபாரத்திலும் கையெழுத்துப் போடுவது. பி.எஃப். பணத்துக்கு ஃபாரம் 19, பென்ஷனுக்கு 10சி. 19ஐப் போட்டால் 10சி-யிலும் பணம்தான் கேட்க வேண்டும் என்று இல்லை. அதே 10சி-யில் பணத்துக்குப் பதில், சர்வீஸ் வருசத்தைக் காப்பாற்றி வைக்கிற 'ஸ்கீம் சர்டிஃபிகேட்' கேட்கலாம். 10 வருசத்துக்குக் குறைந்த சர்வீஸ் என்றால் எது வேண்டும் என்பது நம் விருப்பம். 10 ஆகிவிட்டால் சர்டிஃபிகேட் மட்டும்தான். பிரவுசிங் சென்டரில் ஃபாரம் நிரப்பித் தருகிறவர் இதைக் கேட்கமாட்டார். பணம் வர வைத்தால்தானே அவருக்குப் பேர்.

ஒரு கணக்கு. 1966இல் பிறந்த ஒரு அம்மா. 2004 முதல் 2012 வரை எட்டு வருசம் நூல் மில்லில் சைடர், அதாவது ரிங் ஃபிரேம் பார்க்கிறவர். 2014 அக்டோபர் முதல் ஒன்பது வருசம் பனியன் கம்பெனியில் செக்கிங். மில்லை விட்டபோது பி.எஃப். சம்பளம் 6,000. கடைசி ஐந்து வருசச் சராசரி 11,000. இந்தக் கடைசிச் சராசரி பழைய உச்சவரம்பான 6,500க்கு மேல் இருப்பதால், பழைய எட்டு வருசத்துக்கு 6,500தான் எடுப்பார்கள்.

இரண்டு தடவையும் 10சி-யில் பணம் எடுத்திருந்தால்: வருசத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்ற அட்டவணைப்படி முதலில் 49,000 சொச்சம், பிறகு ஒரு லட்சத்து 2,000 சொச்சம். கூட்டினால் ஒன்றரை லட்சம், அதோடு முடிந்தது. இரண்டு தடவையும் பத்துக்கு உள்ளேயே நின்றதால் 58இல் மாதப் பென்ஷன் கிடையாது.

முதல் தடவை சர்டிஃபிகேட் வாங்கி, அதைப் பனியன் கம்பெனி வழியாகக் கொடுத்துச் சேர்த்திருந்தால்: 8 × 6,500 கூட்டல் 9 × 11,000, வகுத்தல் 70. மாதம் 2,157. ஆறே வருசத்தில் அந்த ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். அவருக்குப் பிறகு வீட்டுக்காரருக்குப் பாதி. கையில் வந்த 49,000 எங்கே போனது என்று கேட்டால் காது குத்தில் ஒரு பங்கு, போர் போட்டதில் ஒரு பங்கு என்பார்கள். அவசரத்துக்கு எடுப்பதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அவசரத்துக்கு ஃபாரம் 19 பணம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு 10சி-யைத் தொடாமல் விடலாம்.

பெண்களுக்கு இந்த அறுபடுதல் அதிகம். கல்யாணம், பேறுகாலம், பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரை வீட்டில் இருப்பது என்று மூன்று நாலு வருசம் விழும். ஜெர்மனியில் 1992இலிருந்து பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் 3 வருசத்தைப் பென்ஷன் கட்டிய வருசமாகவே அரசு எழுதிக்கொள்கிறது. பிரிட்டனில் விட்டுப்போன வருசத்தைப் பிற்பாடு காசு கட்டி வாங்கிக்கொள்ளலாம். இங்கே இரண்டும் கிடையாது. விட்ட வருசம் விட்டதுதான். அதனால்தான் இருக்கிற வருசத்தையாவது விற்காதீர்கள் என்பது.

பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்கும், காண்ட்ராக்டர் மூலம் வருகிறவர்களுக்கும் பி.எஃப். உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தை மூன்று கம்பெனிப் பெயரில் பிரித்து எழுதினாலும் சட்டப்படி ஒரே நிறுவனம்தான். சோமனூர், பல்லடம் பக்கம் சொந்தத் தறியில் கூலிக்கு ஓட்டுகிறவர்கள் இதற்குள் வரமாட்டார்கள். 40 வயதுக்குள் இருந்து வருமான வரி கட்டாதவர்களானால் அவர்களுக்கு அடல் பென்ஷன் உண்டு. 60 வயதிலிருந்து மாதம் 1,000 முதல் 5,000 வரை, சேர்ந்தவர் இறந்தால் கணவனுக்கோ மனைவிக்கோ அதே தொகை. 18 வயதில் சேர்ந்தால் 5,000 பென்ஷனுக்கு மாதம் 210, 40இல் சேர்ந்தால் 1,454. பாட்டிக்குப் புரிகிற கணக்கு.

பென்ஷன் வயது 58. 50இலிருந்தே வாங்கலாம், ஆனால் குறைகிற ஒவ்வொரு வருசத்துக்கும் 4 சதவீதம் ஆயுள் முழுக்க வெட்டு. 60 வரை தள்ளிப் போட்டால் வருசத்துக்கு 4 சதவீதம் கூடும். ஜப்பானில் இதையே 60 முதல் 75 வரை தொடங்கலாம். 65 வயதுக்கு முந்தினால் மாதத்துக்கு 0.4 சதவீதம் குறைவு, பிந்தினால் 0.7 கூடுதல். 55இல் மில் மூடிவிட்டது, வேறு வழியில்லை என்றால் சரி. தோட்டத்தில் இரண்டு மாடு கறந்து சமாளிக்க முடிகிறவர்கள் 58 வரை பொறுப்பது நல்லது.

இதில் கொடுமை என்னவென்றால், இ.பி.எஸ். என்கிற இந்த பி.எஃப். பென்ஷன் விலைவாசிக்கு ஏற்ப ஏறாது. தொடங்கிய நாளில் என்னவோ அதுதான். குறைந்தபட்சம் மாதம் 1,000 என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். 7,500 ஆக்கச் சொல்லிப் பென்ஷன்தாரர்கள் பல வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட்டில் 1,200 ஆனது. காசே கட்டாதவருக்கு 1,200, பத்து வருசம் மூன்று ஷிப்டு பார்த்துக் கட்டியவருக்கு 1,000. உதவித்தொகை அதிகம் என்று இதற்குப் பொருள் இல்லை. நியூசிலாந்தில் யாரும் பென்ஷனுக்கென்று தனியாகக் கட்டுவதில்லை; 65 வயதும் அந்த நாட்டில் இருந்த வருசமும் சரியாக இருந்தால் போதும், தொகையும் நாட்டின் சராசரிக் கூலியோடு கட்டப்பட்டிருக்கிறது. கூலி ஏறினால் அதுவும் ஏறும்.

ஆபீஸில் மனு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பேரும் பிறந்த தேதியும். மில் ரெக்கார்டில் மாராத்தாள், ஆதாரில் மாராத்தா. சேரும்போது அப்பா இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் பேர். டைம் ஆபீஸில் அன்றைக்கு உத்தேசமாக எழுதிய வயது ஒன்று, ஆதாரில் 01-01 என்று வேறொன்று. திருத்தத்துக்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் என்கிற திருத்த மனு கொடுக்க வேண்டும், பெரும்பாலும் கம்பெனியும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். கம்பெனி மூடிப்போயிருந்தால் கெஜட்டட் ஆபீசர், போஸ்ட் மாஸ்டர், பேங்க் மேனேஜர், ஊராட்சித் தலைவர் போன்றவர்கள் கையெழுத்தோடு பி.எஃப். ஆபீஸில் நேரில் கொடுக்கலாம். கூடவே பழைய சம்பளச் சிட்டை, ஈ.எஸ்.ஐ. கார்டு, மில் அடையாள அட்டை எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். இரும்புப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகைக்கு அடியில் கிடக்கிற அந்த மஞ்சள் சிட்டை சில நேரம் வக்கீலைவிட நன்றாகப் பேசும். மில் நடக்கும்போதே, 45 வயதிலேயே இதை முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கும், அதற்கும் போகலாம்.

58இல் கொடுப்பது ஃபாரம் 10டி. கணவன் மனைவி சேர்ந்த போட்டோ, பேங்க் பாஸ்புக், 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விவரம் வேண்டும். துணையின் பேரை ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். நாளைக்கு அவருக்குப் பாதிப் பென்ஷன் வருவது அந்த எழுத்தை வைத்துத்தான். 2025 ஜனவரி முதல் எந்தப் பேங்கிலும் எந்தக் கிளையிலும் வாங்கலாம். மகன் வீட்டோடு ஓசூர் போனாலும் பென்ஷன் ஆர்டரை (பி.பி.ஓ.) மாற்ற வேண்டியதில்லை.

பிறகு வருசா வருசம் உயிர்ச் சான்று. அரசுப் பென்ஷன்காரர்களைப் பார்த்து எல்லோரும் நவம்பரில் வரிசையில் நிற்கிறார்கள். இ.பி.எஸ்.காரர்கள் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். ரிங் ஃபிரேமில் அறுந்த இழையை ஒட்டி ஒட்டி முப்பது வருசம் ஓட்டிய விரலில் ரேகை இருக்காது. ஆள்காட்டி விரலை வைத்தால் மிஷின் எடுக்காது, கட்டை விரலுக்கும் எடுக்காது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வைத்துப் பார்ப்பார்கள், மூன்றாவது தடவை அந்த அம்மாவே கையை இழுத்துக்கொள்வார். விரலோடு மல்லுக்கட்ட வேண்டாம். பேரன் பேத்தியின் ஆண்ட்ராய்டு போனில் ஆதார் ஃபேஸ் ஆர்.டி., ஜீவன் பிரமாண் இரண்டு ஆப்பையும் இறக்கினால் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். திண்ணையில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வையுங்கள், கண்ணாடியைக் கழற்றுங்கள், ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்கள். பி.பி.ஓ. எண்ணில் ஓர் இலக்கம் தப்பினாலும் சான்று பதிவாகும், ஆனால் பிற்பாடு நிராகரிப்பாகிவிடும். ஆகவே பிரமாண் ஐ.டி. வந்ததும் போனை மூடிவிடாமல், நாலைந்து நாள் கழித்து ஏற்றுக்கொண்டார்களா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.