கான் அடைத்தால் யாரிடம் போவது?

கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் மழைக்குக் கான் (தெருவோர வடிகால்) நிரம்பினால் நம்மாட்கள் முதலில் ஓடுவது கிராம அலுவலரிடம். அவர் பிரதேச செயலகத்து ஆள். ஒழுங்கைக் கான், குப்பை, தெருவிளக்கு எல்லாம் மாநகர சபை வேலை.

ஆகவே கடிதம் மாநகர சபைக்கு; தமிழிலேயே கொடுக்கலாம். 'எங்கள் ரோட்டில்' என்று மொட்டையாக எழுதினால் கோப்புக்குள்ளேயே கிடக்கும். ஒழுங்கையின் பெயர், பக்கத்து வீட்டு இலக்கம், எத்தனை அடிக்கு அடைப்பு, மூடி உடைந்ததா மண் தேங்கியதா என்று எழுதுங்கள். இரண்டு பிரதி, ஒன்றில் திகதி முத்திரை வாங்காவிட்டால் அந்தக் கடிதம் பிறக்கவேயில்லை. வட்டார உறுப்பினருக்கும் ஒன்று.

பதிலில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 'ஏன் செய்யவில்லை' என்பது சண்டை, தகவல் கோரிக்கையல்ல. கடைசியாகத் துப்புரவாக்கிய திகதியையும் ஒதுக்கிய தொகையையும் கேளுங்கள். தருவதா இல்லையா என்று முடிவுசெய்ய அவர்களுக்கு 14 வேலை நாள். மறுத்தால் 14 நாளுக்குள் மேன்முறையீடு.