வெற்றிமாறன் அடுத்து என்ன செய்கிறார்?

சினிமா டெஸ்க்கில் செய்தி வறண்டுபோகும் நாட்கள் உண்டு. பெரிய ரிலீஸ் இருக்காது, நட்சத்திரப் பிறந்தநாள் இருக்காது, மேடையில் யாரும் யாரையும் திட்டியிருக்க மாட்டார்கள். அந்த மாதிரி மதியங்களில் எங்கள் எடிட்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "வெற்றிமாறன் என்ன பண்றாருன்னு பாருப்பா" என்பார். பார்த்தால் ஏதாவது இருக்கும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கையில் இருக்கும் படங்களின் பட்டியலை வரிசை மாற்றிப் போட்டாலே படிக்க ஆள் வந்துவிடும். அவர் பெயரில் அத்தனை கதைகள் நின்றன. வாடிவாசல், வடசென்னையின் இரண்டாம் பாகம், விடுதலை, இடையில் பேச்சளவில் இருந்த இன்னும் சில.

வெளியில் இருப்பவர்கள் ஒன்று நினைக்கிறார்கள். அடுத்த படம் என்னவென்று இயக்குநருக்குத் தெரியும், அதை அவர் வாயிலிருந்து பிடுங்குவதுதான் நிருபரின் சாமர்த்தியம் என்று. உண்மையில் பாதி நேரம் அவருக்கே தெரியாது. ஹீரோவின் கால்ஷீட் இன்னொரு படத்தில் மாட்டியிருக்கும். தயாரிப்பாளருக்கு முந்தைய படத்தின் பணம் வந்து சேர்ந்திருக்காது. எடிட்டிங் மேஜையில் இருக்கும் படத்துக்கு இன்னும் சில நாள் படப்பிடிப்பு தேவைப்படும். இதில் எது எப்போது அவிழும் என்று இயக்குநர் எப்படிச் சொல்வார்? நாம் போய் மைக்கை நீட்டினால், அன்றைக்கு மனதில் இருக்கும் நிலவரத்தைச் சொல்வார். அதை நாம் வாக்குறுதியாக மாற்றித் தலைப்பு வைப்போம். ஆறு மாதம் கழித்து "வெற்றிமாறன் திடீர் முடிவு" என்று இன்னொரு தலைப்பும் நாமே வைப்போம்.

இது ஒருவருக்கு மட்டும் நடப்பதில்லை. ஷங்கரின் ரோபோ கதை 1990-களின் இறுதியில் கமல்ஹாசனுக்காகத் திட்டமிடப்பட்டது. பிறகு ஷாருக் கானிடம் போனது. கடைசியில் ரஜினிகாந்த் நடித்து, எந்திரனாக 2010-ல் வந்தது. பொன்னியின் செல்வனை எடுக்க வேண்டும் என்று 1950-களிலேயே எம்.ஜி.ஆர். ஆசைப்பட்டார், மணிரத்னத்தின் படம் 2022-ல்தான் திரைக்கு வந்தது. நடுவில் எழுதப்பட்ட "விரைவில்" செய்திகளை எல்லாம் அடுக்கினால் ஒரு அறை போதாது.

அதனால் நான் இயக்குநரைப் பின்தொடர்வதைக் குறைத்துக்கொண்டு, அவரைச் சுற்றி இருப்பவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒளிப்பதிவாளர் வேறு படத்துக்குப் போய்விட்டாரா? கலை இயக்குநரின் ஆட்கள் செட் போட இடம் பார்க்கிறார்களா? உதவி இயக்குநர்கள் லொகேஷன் பார்க்க ஊருக்குப் போயிருக்கிறார்களா, இல்லை சாலிகிராமத்து டீக்கடையில் நிற்கிறார்களா? எல்லாவற்றையும் விட நம்பகமான ஆதாரம் ஹீரோவின் முகம். மாடுபிடி வீரனாக நடிக்க வேண்டியவர் மழித்த தாடையோடு ஒரு நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு வந்தால், அந்த மாதம் படப்பிடிப்பு கிடையாது என்று எழுதாமலே எல்லாருக்கும் புரியும். படத்தின் மக்கள் தொடர்பாளரான பி.ஆர்.ஓ.விடம் கேட்டால் மட்டும் எப்போதும் ஒரே பதில்தான்: "பெருசா ஒண்ணு வருதுண்ணே, அஞ்சு மணிக்கு அனுப்புறேன், அதுவரைக்கும் போட்டுடாதீங்க." அஞ்சு மணிக்கு வருவது பெரும்பாலும், ஒரு அறிவிப்பு எந்த நாளில் வரும் என்பதற்கான அறிவிப்பு.

வெற்றிமாறன் விஷயத்தில் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிபட்டது. அது புத்தக அலமாரி. விசாரணை, மு.சந்திரகுமாரின் 'லாக்கப்'பிலிருந்து வந்தது. அசுரன், பூமணியின் 'வெக்கை'. விடுதலை, ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதை. வாடிவாசல், சி.சு.செல்லப்பா 1959-ல் எழுதிய குறுநாவல். மற்ற இயக்குநர்களின் வரப்போகும் படங்களைப் பற்றி எழுத டிரேடு ஆட்களிடம் பேசினால் போதும். இவருடைய பட்டியலை எழுத வேண்டுமானால் படிக்க வேண்டியிருந்தது. வாடிவாசலின் தலைப்பு போஸ்டர் 2021 ஜூலையில் வந்தபோது எங்கள் டெஸ்க்கில் ஒரே ஒரு பிரதி கைமாறிக்கொண்டே இருந்தது. ஒரே உட்காரலில் முடிந்துவிடும் புத்தகம். அப்பாவைக் கொன்ற காரி என்ற காளையை அடக்க ஒரு பையன் வாடிவாசலில் நிற்கிறான். கதை கிட்டத்தட்ட முழுக்க ஒரே பகலில், ஒரே திடலில் நடக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, "இதுல இடைவேளை எங்க சார் வரும்?" என்றார். நியாயமான கேள்வி.

அந்தக் கேள்வியில்தான் வாடிவாசலின் தாமதத்துக்கான காரணமும் இருந்தது. இவர் கதையை அப்படியே எடுப்பவர் இல்லை. ஒரு சிறுகதையை எடுத்து அதன் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தோண்டுகிறவர். 'துணைவன்' சில பக்கங்கள்தான். சூரியை நாயகனாக வைத்து ஒரு சின்னப் படம் என்றுதான் விடுதலை தொடங்கியது. எங்கள் செய்திகளிலும் அப்படித்தான் எழுதினோம். படப்பிடிப்பு நடக்க நடக்க விஜய் சேதுபதியின் வாத்தியார் பாத்திரம் பெரிதானது, படம் இரண்டானது. முதல் பாகம் 2023 மார்ச் 31-ல் வந்தது, இரண்டாவது 2024 டிசம்பர் 20-ல். சிறுகதைக்கே இவ்வளவு என்றால் குறுநாவலுக்கு எவ்வளவு ஆகும் என்று அப்போதே கணக்குப் போட்டிருக்கலாம். யாரும் போடவில்லை. 2022-ல் வாடிவாசலுக்கு டெஸ்ட் ஷூட் நடந்தது, நாயகன் சூர்யாவின் பிறந்தநாளுக்கு அந்தக் காட்சிகள் வெளியாயின. உடனே எல்லாரும் ரிலீஸ் தேதியை ஊகித்து எழுத ஆரம்பித்துவிட்டோம்.

அதே மனிதர் வேகமாகவும் செய்வார் என்பதுதான் வேடிக்கை. அசுரன் அறிவிப்பு 2018 டிசம்பரில் வந்தது. 2019 அக்டோபர் 4-ம் தேதி படம் திரையரங்கில். ஹீரோவின் தேதிகளும் தயாரிப்பாளரின் உறுதியும் முதல் நாளிலிருந்தே கையில் இருந்தால் இவராலும் ஒரு வருடத்துக்குள் முடிக்க முடியும். முடிந்து வந்த படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆகவே "வெற்றிமாறன் என்றாலே லேட்" என்று எங்கள் தொழிலில் புழங்கும் வரியை நான் பயன்படுத்துவதில்லை. சோம்பேறித்தனமான வரி அது.

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. அடுத்த படம் பற்றிய செய்தி பெரும்பாலும் எங்கே கிடைக்கிறது தெரியுமா? இன்னொருவரின் விழாவில். பிரசாத் லேபில் ஒரு புதுமுக இயக்குநரின் இசை வெளியீடு நடக்கும். சிறப்பு விருந்தினராக வெற்றிமாறன் மாதிரி ஒருவர் வருவார். கேமராக்கள் முன்வரிசையில் அவரை நோக்கியே இருக்கும். அந்தப் புது இயக்குநர், கையில் நடுங்கும் பேப்பரோடு, ஊரில் நிலத்தை விற்றுப் பணம் போட்ட மாமாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார். பின்வரிசையில் நாங்கள் போனில் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம். விருந்தினர் பேசி முடித்து இறங்கியதும் வாசலில் மறித்து இரண்டு கேள்வி. ஒன்று வாடிவாசல், இன்னொன்று வடசென்னை. அவர் பொறுமையாகப் பதில் சொல்வார்; தவிர்க்க மாட்டார், மழுப்ப மாட்டார், இதை மறுக்க முடியாது. பதில் கிடைத்ததும் பாதி நாற்காலிகள் காலியாகிவிடும். உள்ளே அந்தப் படத்தின் இரண்டாவது பாட்டு இன்னும் திரையிடப்பட்டுக்கொண்டிருக்கும். மறுநாள் செய்தியில் அந்தப் படத்தின் பெயர் கடைசிப் பத்தியில், "... பட விழாவில் கலந்துகொண்ட" என்ற அளவுக்கு நிற்கும். ஒரு முறை அப்படி ஒரு படத்தின் தயாரிப்பாளர் எனக்கு போன் செய்து, கோபமே இல்லாமல், "ஹால் வாடகை நாங்கதான் சார் குடுத்தோம்" என்றார். அதற்கு என்ன சொல்ல? அப்புறம் அந்தப் படத்துக்குத் தனியாக ஒரு பேட்டி போட்டோம். அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு.

2025-ல் இந்த விளையாட்டு கொஞ்சம் மாறியது. வாடிவாசல் தள்ளிப்போய், சிலம்பரசனோடு ஒரு படம், தாணு தயாரிப்பு என்று தகவல் கசிந்தது. வடசென்னை உலகத்தில் நடக்கும் கதை என்றதும், அந்தப் படத்தைத் தயாரித்த தனுஷ் தரப்பு உரிமைக்காகப் பணம் கேட்கிறது என்று ஒரு வதந்தி கிளம்பி எல்லா இடத்திலும் ஓடியது. வழக்கமாக இயக்குநர்கள் இதற்கு மௌனம் சாதிப்பார்கள்; பி.ஆர்.ஓ. வழியாக ஒரு வரி மறுப்பு வரும். வெற்றிமாறன் தானே வீடியோவில் வந்து உட்கார்ந்து, வாடிவாசல் ஏன் தாமதம், சிலம்பரசன் படம் எப்படி முடிவானது, தனுஷிடம் பேசியபோது அவர் தடை சொல்லாமல் ஒத்துக்கொண்டது என்று நிதானமாகச் சொன்னார். நாங்கள் வாரக்கணக்கில் "நெருங்கிய வட்டாரங்கள் கூறுகின்றன" என்று எழுதியதற்கெல்லாம் நெருங்கிய வட்டாரமே நேரில் வந்தது போல ஆகிவிட்டது. பிறகு அக்டோபரில் 'அரசன்' என்ற தலைப்போடு முன்னோட்டமும் வெளியானது. எனக்கு அந்த வீடியோ பிடித்திருந்தது. டெஸ்க்கில் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. ஊகிக்க இடமில்லாத செய்திக்கு ஆயுள் ஒரு நாள்தான்.

அதே வருடம் செப்டம்பர் தொடக்கத்தில் வந்த இன்னொரு அறிவிப்பை நாங்கள் கையாண்ட விதம்தான் இன்னும் மனதில் இருக்கிறது. வர்ஷா பரத் இயக்கிய 'பேட் கேர்ள்' படத்தின் நிகழ்வில், தன் தயாரிப்பு நிறுவனமான கிராஸ் ரூட் ஃபிலிம் கம்பெனிக்கு இதுவே கடைசிப் படம், கடையை மூடுகிறோம் என்று வெற்றிமாறன் சொன்னார். தயாரிப்பாளராக இருப்பதன் நெருக்கடியும் தணிக்கைச் சிக்கல்களும் காரணம். கோபி நயினார் இயக்கிய 'மனுஷி' தணிக்கையில் மாட்டி, உயர்நீதிமன்றம் வரை போயிருந்தது.

எங்கள் டெஸ்க்கில் அதை ஒரு செய்தியாகப் போட்டோம், நன்றாகவும் ஓடியது. ஆனால் வழக்கமான பட்டியல் செய்தியில், அதாவது "வெற்றிமாறனின் வரப்போகும் படங்கள்" என்ற அந்த நிரந்தரப் பக்கத்தில், யாரும் எதையும் மாற்றவில்லை. அதில் அவர் இயக்கும் படங்கள் மட்டும்தான் இருந்தன. தயாரிக்கும் படங்களுக்கு அங்கே இடமே ஒதுக்கப்படவில்லை. 2015-ல் மணிகண்டனின் 'காக்கா முட்டை' வந்தது இந்த நிறுவனத்தின் வழியாகத்தான். முதல் படம் எடுக்க அலையும் ஒருவருக்கு, ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டு போகக்கூடிய கதவுகளில் ஒன்று அது. அரசன் எப்போது முடியும், வாடிவாசல் எப்போது தொடங்கும் என்பதை விட இது பெரிய சேதி என்று எடிட்டரிடம் சொன்னேன். "சரி, எழுது. ஆனா தலைப்புல சிம்பு பேர் வரணும்" என்றார். சிம்பு பெயர் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அவரே சேர்த்துக்கொண்டார்.